முதல் வார்த்தைய யார் பேசறது? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள ஒண்ணொண்ணா படிச்சப்போ, வயசு வேற, வேலை வேற, ஆனா பாதிக்கு மேல கேக்கறது ஒரே விஷயம்தான்னு தெரிஞ்சுது, ஒருத்தர்கிட்ட போய் தயங்காம பேச ஆரம்பிக்கறது எப்படி. அதனால இந்த பக்கங்கள முழுசா அதுக்கே ஒதுக்கிட்டேன். பேர் போடாதீங்கன்னு பலபேர் கேட்டிருந்ததால யார் பேரும் போடல.

கேள்வி: அக்கா, புது ஆபீஸ்ல சேந்திருக்கேன். மதியம் எல்லாரும் ஒரே டேபிள்ல உக்காந்து பேசிட்டே சாப்பிடுவாங்க, நானும் அங்கதான் இருப்பேன். ஏதாவது சொல்லலாம்னு மனசுக்குள்ள ஒரு வாக்கியம் ரெடி பண்ணுவேன், அது சரியா இருக்கான்னு யோசிக்கறதுக்குள்ள பேச்சு வேற எங்கயோ போயிடும். கை கழுவ எழுந்திரிக்கும்போது இன்னைக்கும் ஒரு வார்த்தை பேசலயேன்னு இருக்கும். எனக்கு கான்ஃபிடன்ஸ் வரவே வராதா?

பதில்: வரும்மா, ஆனா நீங்க எதிர்பாக்கற வரிசையில வராது. முதல்ல தைரியம் வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்னு நெறைய பேர் காத்துட்டு இருக்காங்க. நடக்கறது அதுக்கு தலைகீழ், கொஞ்சம் பதட்டத்தோடவே பேசி, அது நல்லபடியா முடிஞ்சு, திரும்ப பேசி, அப்படித்தான் தைரியம் சேரும்.

உங்க சிக்கல் என்னன்னு நீங்களே சரியா எழுதிட்டீங்க, அந்த வாக்கியம் ரெடி பண்ற வேலைதான். 2009ல டான்யா ஸ்டிவர்ஸும் அவங்க கூட இருந்த ஆய்வாளர்களும் உலகத்தோட பல மூலைகள்ல இருந்து 10 மொழிகள எடுத்து, ஒருத்தர் கேள்வி கேட்டு முடிச்சதுக்கும் இன்னொருத்தர் பதில் சொல்ல ஆரம்பிக்கறதுக்கும் நடுவுல எவ்ளோ நேரம் போகுதுன்னு அளந்தாங்க. சராசரியா 200 மில்லிசெகண்ட் பக்கம் வந்துச்சு, அதாவது ஒரு செகண்ட்ல அஞ்சுல ஒரு பங்கு. கண் சிமிட்டற நேரம்தான் அது. அந்த நேரத்துக்குள்ள யாராலயும் அழகா ஒரு வாக்கியம் செஞ்சு, சரிபாத்து, வெளிய விட முடியாது. அந்த டேபிள்ல இருக்கற மத்தவங்களும் அப்படி பண்ணல, அவங்க பாதி வாக்கியத்துல ஆரம்பிச்சு நடுவுல மாத்தி, சொன்னதயே திரும்ப சொல்லி, முடிக்காமயே விட்டுட்டு போறாங்க. நாளைக்கு அவங்க என்ன பேசறாங்கங்கறத விட எப்படி பேசறாங்கன்னு கவனிச்சு பாருங்க, எவ்ளோ ஓட்டை உடைசலோட பேச்சு ஓடுதுன்னு தெரியும், யாருக்கும் அது ஒரு குறையாவே படாது.

அதனால சொந்தமா ஒரு விஷயத்த கொண்டுவந்து நடுவுல வைக்கணும்ங்கற எண்ணத்த கொஞ்ச நாளைக்கு விட்டுடுங்க. கடைசியா யார் என்ன சொன்னாங்களோ அத மட்டும் பிடிச்சுக்கோங்க. ஒருத்தர் வீடு மாத்தினத பத்தி சொன்னா "ஒரே நாள்ல முடிஞ்சுதா?", இன்னொருத்தர் பஸ்ஸ விட்ட கதைய சொன்னா "அப்புறம் எப்படி வந்தீங்க?", இவ்ளோ போதும். இதுக்கு எந்த ரிகர்சலும் வேணாம், ஏன்னா கேள்விய அவங்களே உங்க கையில குடுத்துட்டாங்க.

இன்னொண்ணு, எட்டு பேர் இருக்கற டேபிள்ல முதல் வார்த்தை பேசறது நல்லா பேசறவங்களுக்கே கஷ்டம், அத ஒரு பரீட்சையா எடுத்துக்காதீங்க. மொத்த கூட்டத்துக்கும் சேத்து எதுவும் சொல்ல வேணாம், பக்கத்துல இருக்கற ஒருத்தர்கிட்ட மட்டும் மெதுவா பேசுங்க. அத விட சுலபமான வழி, அஞ்சு நிமிஷம் முன்னாடி போயிடறது. டேபிள்ல ஒருத்தரோ ரெண்டு பேரோதான் இருப்பாங்க, அவங்களோட நீங்க பேசிட்டு இருக்கும்போது மத்தவங்க வந்து சேருவாங்க, அப்போ கூட்டத்துக்குள்ள நுழையற வேலை உங்களுக்கு இல்ல, அவங்கதான் உங்க பேச்சுக்குள்ள வராங்க. இந்த ஒரு மாத்தத்தயாவது இந்த வாரமே பண்ணி பாருங்கம்மா, நான் இத மனசார நம்பறேன்.

கேள்வி: காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கறேன். யார்கிட்டயாவது பேச போனா கை நடுங்கும், மொகம் சூடாகும், குரல் மாறிடும். எல்லாரும் அதத்தான் பாக்கறாங்கன்னு நெனச்சாலே திரும்பி வந்துடறேன்.

பதில்: தம்பி, நடுக்கம் நிஜம், அத நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா எல்லாரும் பாக்கறாங்கங்கறது உங்க மனசு போடற தப்பு கணக்கு, இத அளந்தே பாத்திருக்காங்க.

2000ல தாமஸ் கிலோவிச்சும் அவரோட சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு, போட்டுக்கவே கூச்சப்படற மாதிரி ஒரு பாடகர் படம் போட்ட டிஷர்ட்ட மாட்டிவிட்டு, மத்த மாணவர்கள் உக்காந்திருக்கற ரூமுக்குள்ள அனுப்பினாங்க. வெளிய வந்ததும், உங்க டிஷர்ட்ல யார் இருந்தாங்கன்னு எத்தன பேர் கவனிச்சிருப்பாங்கன்னு கேட்டா, கிட்டத்தட்ட பாதி பேருன்னு சொன்னாங்க. உள்ள இருந்தவங்கள கேட்டு பாத்தா நாலுல ஒருத்தருக்குதான் தெரிஞ்சிருந்துது. அதாவது நாம நெனைக்கறதுல பாதி அளவுதான் ஊர் நம்மள பாக்குது, அவங்கவங்களுக்கு அவங்கவங்க கவலை இருக்கு.

உள்ளுக்குள்ள இருக்கற பதட்டத்துக்கும் இதே கதைதான். சவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003ல இன்னொரு ஆய்வு பண்ணாங்க, மேடையில பேச போற மாணவர்கள்ல ஒரு பகுதி பேருக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு உண்மைய சொன்னாங்க, உங்க பதட்டம் நீங்க நெனைக்கற அளவுக்கு வெளிய தெரியாது, அத பத்தி கவலப்படாதீங்கன்னு. அத தெரிஞ்சுக்கிட்டு பேசினவங்க மத்தவங்கள விட நல்லா பேசினாங்க, தாங்களா அப்படி நெனச்சுக்கிட்டது மட்டும் இல்ல, பாத்தவங்களும் அப்படித்தான் மார்க் போட்டாங்க. உங்க இதயம் எப்படி அடிக்குதுன்னு உங்களுக்கு மட்டும்தான் கேக்குது தம்பி, எதிர்ல இருக்கறவருக்கு ஒரு பையன் வந்து பேசறான்னு மட்டும்தான் தெரியும்.

திரும்பி வந்துடறேன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதத்தான் முதல்ல மாத்தணும். திரும்பின அந்த நிமிஷம் நிம்மதியா இருக்கும், அந்த நிம்மதியே அடுத்த தடவை இன்னும் சீக்கிரமா திரும்ப வைக்கும். நடுக்கம் போனதும் பேசலாம்னு இல்லாம, நடுங்கிக்கிட்டே ஒரு கேள்வி கேட்டுட்டு பதில வாங்கிட்டு வாங்க. "அடுத்த கிளாஸ் எந்த ரூம்ல?" போதும். பதில் தெரிஞ்சிருந்தாலும் கேளுங்க.

கேள்வி: பேசும்போது நல்லாதான் இருக்கும். ராத்திரி படுத்ததும் ஆரம்பிக்கும், அத ஏன் சொன்னேன், அவங்க என்ன நெனச்சிருப்பாங்க, ரொம்ப பேசிட்டேனோ... தூக்கமே போயிடுது. அடுத்த நாள் அதே ஆள பாத்தா ஒதுங்கி போயிடறேன்.

பதில்: உங்க கடிதம் மாதிரியே நெறைய கடிதம் வந்திருக்கு, அதனால நீங்க தனி ஆள் இல்லன்னு முதல்ல சொல்லிடறேன்.

எரிக்கா பூத்பி, கஸ் கூனி, ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரோம், மார்கரெட் கிளார்க் இந்த நாலு பேரும் 2018ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. முன்ன பின்ன தெரியாத ரெண்டு ரெண்டு பேர உக்கார வச்சு பேச விட்டு, முடிஞ்சதும் தனித்தனியா ரெண்டு கேள்வி கேட்டாங்க, அவர உங்களுக்கு எவ்ளோ பிடிச்சுது, உங்கள அவருக்கு எவ்ளோ பிடிச்சிருக்கும்னு நெனைக்கறீங்க. திரும்ப திரும்ப ஒரே மாதிரிதான் வந்துச்சு, தன்னை அடுத்தவருக்கு பிடிச்ச அளவ சராசரியா குறைச்சுதான் சொன்னாங்க. கூச்ச சுபாவம் உள்ளவங்ககிட்ட இந்த இடைவெளி இன்னும் பெருசா இருந்துச்சு. ஹாஸ்டல்ல ஒண்ணா தங்கின மாணவர்கள தொடர்ந்து கவனிச்சப்போ, மாசக்கணக்குல இந்த தப்பு கணக்கு போகாம அப்படியே இருந்துச்சு.

எனக்கு இதுல ரொம்ப மனசு கஷ்டமான விஷயம் இதுதான், ரெண்டு பேருமே ஒருத்தர ஒருத்தர் பிடிச்சுப்போய், ரெண்டு பேருமே "அவருக்கு என்னை பிடிக்கல போல"ன்னு நெனச்சு ஒதுங்கிடறாங்க. எத்தன நட்பு இப்படி ஆரம்பிக்காமயே போயிருக்கும். நீங்க அடுத்த நாள் ஒதுங்கி போறீங்களே, அவங்க பக்கத்துல இருந்து பாத்தா என்ன தெரியும்? நேத்து நல்லா பேசினாங்க, இன்னைக்கு பாக்காம போறாங்க, நாம ஏதோ தப்பா பேசிட்டோம் போலன்னு அவங்க ராத்திரி தூங்காம இருப்பாங்க.

ராத்திரி அந்த யோசனை வர்றத தடுக்க முடியாது, சண்டை போடாதீங்க. அதுக்கு பதிலா அவங்க சொன்னதுல ஒரே ஒரு விஷயத்த ஞாபகப்படுத்தி பாருங்க, அவங்க பொண்ணுக்கு பரீட்சைன்னு சொன்னாங்களா, ஊருக்கு போறேன்னு சொன்னாங்களா. நாளைக்கு பாத்ததும் அதத்தான் கேக்கணும்னு முடிவு பண்ணிக்கோங்க. யோசனை நம்மள விட்டு அவங்க பக்கம் போனாலே பாரம் குறைஞ்சிடும். அவங்களோட சின்ன விஷயத்த ஒருத்தர் ஞாபகம் வச்சு கேட்டா யாருக்குதான் பிடிக்காது.

கேள்வி: வெயில், மழை, டிராஃபிக்னு பேசறது எனக்கு போலியா படுது. நேரா விஷயத்துக்கு வரக்கூடாதா?

பதில்: வரலாம், ஆனா கதவ தட்டாம வர முடியாது. வெயில பத்தி பேசறவருக்கு உங்ககிட்ட இருந்து வானிலை தகவல் வேண்டியதில்ல. நான் உங்களுக்கு எதிரி இல்ல, பேசறதுக்கு தயாரா இருக்கேன், நீங்க எப்படின்னு கேக்கறாரு. மலினோவ்ஸ்கிங்கற மானுடவியல் அறிஞர் 1923லயே இத எழுதிட்டாரு, தகவலுக்காக இல்லாம உறவுக்காகவே பேசற பேச்சு ஒண்ணு மனுஷங்களுக்குள்ள இருக்குன்னு. அது போலி இல்லங்க.

உங்க ஆசையிலயும் நியாயம் இருக்கு. மைக்கேல் கார்டஸ், அமித் குமார், நிக்கோலஸ் எப்லி மூணு பேரும் பண்ண ஆய்வுல, புதுசா சந்திச்சவங்க கொஞ்சம் ஆழமான விஷயம் பேசினா ரொம்ப சங்கடமா இருக்கும்னு முன்னாடி நெனச்சாங்க, பேசி பாத்தா அவ்ளோ சங்கடமா இல்ல, நெருக்கமும் அதிகமா வந்துச்சு. அதனால மழையில ஆரம்பிங்க, ரெண்டு நிமிஷத்துக்கு மேல மழையிலயே நின்னுட்டு இருக்காதீங்க. "இந்த வேலைக்கு எப்படி வந்தீங்க?"ன்னு ஒரு கேள்வி கேட்டா போதும், பெரும்பாலானவங்க மனசார சொல்லுவாங்க.

கேள்வி: "எப்படி இருக்கீங்க?" "நல்லா இருக்கேன், நீங்க?" "நல்லா இருக்கேன்." அவ்ளோதான், அதோட நின்னுடுது. ஆரம்பிக்க தெரியும், அடுத்து என்னன்னுதான் தெரியல.

பதில்: இந்த மொத்த தொகுப்புலயும் எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி இது, ஏன்னா ஆரம்பிக்கறதுதான் கஷ்டம்னு எல்லாரும் நெனைக்கறாங்க, நிஜமான வேலை ரெண்டாவது கேள்வியிலதான் இருக்கு.

2017ல கேரன் ஹுவாங், ஆலிசன் வுட் புரூக்ஸ் ரெண்டு பேரும் மத்த ஹார்வர்ட் ஆய்வாளர்களோட சேந்து, மக்கள் பேசினத வரி வரியா எடுத்து பிரிச்சு பாத்தாங்க. கேள்வி அதிகமா கேக்கறவங்கள எதிர்ல இருக்கறவங்களுக்கு அதிகமா பிடிச்சுது. அதுலயும் எல்லா கேள்வியும் ஒண்ணு இல்ல, அவங்க இப்போ சொன்னதுக்குள்ள போய் கேக்கற தொடர் கேள்விக்குதான் பெரிய பலன். டக்குனு வேற விஷயத்துக்கு தாவற கேள்விக்கு அந்த பலன் இல்ல. காரணம் எளிது, தொடர் கேள்வி கேக்கணும்னா முதல்ல கேட்டிருக்கணும், கேட்டாங்கங்கறது அவங்களுக்கு தெரியுது.

ஒருத்தர் "வீக்எண்ட் அம்மாவ பாக்க போயிருந்தேன்"னு சொல்றாருன்னு வைங்க. "ஓ சூப்பர், படம் ஏதாவது பாத்தீங்களா?"ன்னா பேச்சு செத்துது. "அடிக்கடி போவீங்களா?"ன்னா ஓடும். "அம்மா எப்படி இருக்காங்க, தனியாவா இருக்காங்க?"ன்னா இன்னும் நல்லா ஓடும், ஒருவேள அவரு அந்த விஷயத்த யார்கிட்டயாவது சொல்லணும்னே காத்திருந்திருக்கலாம்.

"ஏன்"னு ஆரம்பிக்கற கேள்விய மட்டும் புது ஆளுங்ககிட்ட குறைச்சுக்கோங்க. "ஏன் அந்த வேலைய விட்டீங்க?"ன்னா விசாரணை மாதிரி இருக்கும், "அந்த வேலையில இருந்து இங்க எப்படி வந்தீங்க?"ன்னா அதே விஷயம்தான், ஆனா கதை சொல்ல கூப்பிடற மாதிரி இருக்கும். அதே சமயம் கேள்வியா அடுக்கிட்டே போனாலும் இன்டர்வியூ ஆயிடும், ரெண்டு கேள்விக்கு நடுவுல உங்கள பத்தியும் ஒரு வரி போடுங்க. நீளமா வேணாம், ஒரு வரி.

இதுல உங்க பங்கு ஒண்ணு இருக்கு, அத யாரும் கவனிக்கறதில்ல. நீங்க "நல்லா இருக்கேன்"னு முடிச்சா அவரு எதப் பிடிச்சு கேப்பாரு? "நல்லா இருக்கேன், நேத்துதான் பையனுக்கு சைக்கிள் கத்துக்குடுக்க ஆரம்பிச்சேன், முதுகு போச்சு"ன்னு சொல்லி பாருங்க. பையன், சைக்கிள், முதுகு, மூணு கைப்பிடி குடுத்துட்டீங்க, அவருக்கு எது வேணுமோ அத பிடிச்சுக்கட்டும்.

கேள்வி: எனக்கு வயசு 58. பையனோட இருக்கலாம்னு புது இடத்துக்கு வந்துட்டேன். பகல்ல தனியாத்தான் இருக்கேன். கீழ பெஞ்ச்ல உக்காந்தா ஆளுங்க வராங்க போறாங்க, அவங்கள தொந்தரவு பண்ண கூடாதுன்னு பேசாம இருந்துடறேன். வந்து மூணு மாசமாச்சு, தம்பி பொண்டாட்டிகிட்ட போன்ல பேசறது தவிர வேற பேச்சே இல்ல.

பதில்: அம்மா, நீங்க தொந்தரவுன்னு நெனைக்கறீங்க, அவங்களும் உங்கள தொந்தரவு பண்ண கூடாதுன்னு நெனச்சு போயிட்டு இருக்காங்க.

சிகாகோவுல நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் இத ரயில் பயணிகள வச்சு பாத்தாங்க, 2014ல வெளியாச்சு. ஒரு குழுகிட்ட பக்கத்துல இருக்கறவரோட பேசிட்டே போங்கன்னு சொன்னாங்க, இன்னொரு குழுகிட்ட யாரோடயும் பேசாம போங்கன்னு, மூணாவது குழுகிட்ட வழக்கம் போல போங்கன்னு. எந்த பயணம் நல்லா இருக்கும்னு வேற பயணிகள்கிட்ட கேட்டப்போ பேசாம போறதுதான்னு சொன்னாங்க. நெஜமா போயிட்டு வந்தவங்கள்ல சந்தோஷமா இருந்தவங்க பேசிட்டு போனவங்கதான். நான் பேசலாம், ஆனா அவருக்கு பேச விருப்பம் இருக்காதுன்னு எல்லாரும் நெனச்சுட்டு இருந்தாங்க, எல்லாருமே அப்படி நெனச்சா ரயில் அமைதியாத்தான் போகும்.

நீங்க தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே பெஞ்ச்ல உக்காருங்க, இது பாதி வேலைய முடிச்சிடும், பழகின மொகத்துக்கிட்ட பேச யாருக்கும் பயம் இருக்காது. முதல் ரெண்டு மூணு நாள் சிரிச்சா மட்டும் போதும். அப்புறம் ஒரு சின்ன உதவி கேளுங்க, பக்கத்துல நல்ல டாக்டர் யாரு, லைப்ரரி எந்த பக்கம், இந்த மாதிரி. உதவி பண்றவங்களுக்கு தொந்தரவா இருக்காதும்மா, நம்மள ஒரு ஆளா மதிச்சு கேக்கறாங்கன்னுதான் இருக்கும். காதுல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு வேகமா நடக்கறவங்கள விட்டுடுங்க, குழந்தைய விளையாட விட்டுட்டு நிக்கறவங்க, நாய கூட்டிட்டு வர்றவங்க, இவங்க நின்னு பேசுவாங்க. ஒருத்தர் பதில் சொல்லாம போனாலும் அது உங்கள பத்தின தீர்ப்பு இல்ல, அவருக்கு அன்னைக்கு என்ன கஷ்டமோ. மூணு மாசம் ரொம்ப அதிகம்மா, நாளைக்கே கீழ போங்க.

கேள்வி: ஜிம்ல ஒரு பொண்ணுகிட்ட பேசணும்னு ஆசை. என்ன சொல்லி ஆரம்பிச்சா நல்லா இருக்கும்?

பதில்: எந்த வரியும் தேவையில்ல. அவங்க எக்ஸர்சைஸ் பண்ணிட்டு இருக்கும்போது போகாதீங்க, ஹெட்ஃபோன கழட்ட சொல்லாதீங்க, வழிய மறிச்சு நிக்காதீங்க. எல்லார்கிட்டயும் பேசற மாதிரி சாதாரணமா ஒரு வார்த்தை பேசுங்க. அவங்க திரும்பி உங்கள ஒரு கேள்வி கேட்டா பேச விருப்பம் இருக்குன்னு அர்த்தம், ஒத்த வார்த்தையில பதில் சொல்லிட்டு மொகத்த திருப்பினா இல்லன்னு அர்த்தம். அத ஏத்துக்கிட்டு சிரிச்சுட்டு நகந்துடுங்க, திரும்ப முயற்சி பண்ண வேணாம். தைரியமா பேசறதுல இதுவும் சேந்ததுதான்.

கேள்வி: என் மகனுக்கு 6 வயசு. வீட்டுல ஓயாம பேசுவான், வெளி ஆளுங்க வந்தா என் பின்னாடி ஒளிஞ்சுக்குவான். சொந்தக்காரங்க "வாய் இல்லையா உனக்கு"ன்னு கேக்கறாங்க, எனக்கு அழுகையா வருது.

பதில்: அவங்க அத சொல்லும்போது அவன் முன்னாடியே "அவனுக்கு கொஞ்சம் நேரம் ஆகும், பழகினா பேசுவான்"னு அமைதியா சொல்லிடுங்க. "அவன் கூச்சப்படுவான்"னு மட்டும் சொல்லாதீங்க, அத கேட்டு கேட்டு நாம இப்படித்தான் போலன்னு அவனே முடிவு பண்ணிடுவான்.

யாராவது அவன ஒரு கேள்வி கேட்டா அவனுக்காக நீங்க உடனே பதில் சொல்லாம மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணுங்க. அஞ்சு செகண்ட் நமக்கு ரொம்ப நீளமா தெரியும், குழந்தைக்கு அந்த நேரம் வேணும். அப்பவும் பேசலன்னா "சிவப்பா, நீலமா?"ங்கற மாதிரி ரெண்டுல ஒண்ண தேர்ந்தெடுக்கற கேள்வியா மாத்தி கேளுங்க. பேசினதுக்கு அப்புறம் ஊரே கைதட்டற மாதிரி பண்ணாம, சாதாரணமா பேச்ச தொடருங்க.

ஒண்ணு மட்டும் கவனிங்க. ஸ்கூல்ல டீச்சர்கிட்டயும் பசங்ககிட்டயும் ஒரு வார்த்தை கூட பேசாம ஒரு மாசத்துக்கு மேல போகுதுன்னா, ஸ்கூல் சேந்த முதல் மாசத்த விட்டுடுங்க, அதுக்கு அப்புறமும் அப்படியே இருந்தா அது வெறும் கூச்சமா இல்லாம இருக்கலாம். செலக்டிவ் மியூட்டிசம்னு ஒரு பதட்டம் இருக்கு. பிடிவாதம் இல்ல அது, வளர்ப்பு குறையும் இல்ல. குழந்தைகள் மனநல நிபுணர்கிட்ட சீக்கிரம் காட்டினா நல்லா முன்னேற்றம் வரும்.

கேள்வி: பேச ஆரம்பிச்சா எப்படி முடிக்கறதுன்னு தெரியாததாலயே ஆரம்பிக்க மாட்டேங்கறேன்.

பதில்: முடிக்க யாருக்குமே தெரியாதுங்க. ஆடம் மாஸ்ட்ரோயானியும் மத்தவங்களும் 2021ல வெளியிட்ட ஆய்வுல, ரெண்டு பேருமே விரும்பின நேரத்துல முடிஞ்ச பேச்சு கிட்டத்தட்ட இல்லவே இல்ல. அடுத்தவருக்கு இன்னும் பேசணுமோன்னு ரெண்டு பேருமே இழுத்துட்டு போறதும் உண்டு, அவசரமா முடிச்சிடறதும் உண்டு. அதனால பொய் காரணம் தேட வேணாம். அவங்க சொன்னதுல ஒண்ண எடுத்து சொல்லிட்டு கிளம்பிடுங்க, "அந்த புது வேலை நல்லபடியா அமையட்டும், நான் கிளம்பறேன், அடுத்த வாரம் பாக்கலாம்." போதும்.

கேள்வி: பல வருஷமா பேசாத ஒரு ஃப்ரெண்டுக்கு இப்போ போன் பண்ணினா ஏதோ காரியத்துக்காக கூப்பிடறேன்னு நெனைப்பாளோ?

பதில்: பண்ணுங்க. பெக்கி லியூவும் அவங்க குழுவும் 2022ல வெளியிட்ட ஆய்வுல, இப்படி திடீர்னு தொடர்பு கொண்டத எதிர்பக்கம் எவ்ளோ சந்தோஷமா எடுத்துக்கறாங்கன்னு கூப்பிட்டவங்க குறைச்சுதான் மதிப்பிட்டாங்க, எதிர்பாக்காத அழைப்புதான் அதிகமா இனிச்சிருக்கு. உங்களுக்கு பயம்னா முதல் வரியிலயே சொல்லிடுங்க, "ஒரு காரியமும் இல்லடி, உன் ஞாபகம் வந்துச்சு." மெசேஜ விட குரல் நல்லது.

கேள்வி: இது கூச்சமா வியாதியான்னு தெரியல. பேச வேண்டியிருக்கும்னே ரெண்டு வேலைய விட்டுட்டேன். போன் அடிச்சா எடுக்கறதில்ல. விசேஷத்துக்கு போக வேண்டியிருந்தா ஒரு வாரம் முன்னாடியே வயிறு கலக்கும். லேசா குடிச்சுட்டு போனா பேச முடியுது.

பதில்: இத எழுதி அனுப்பினதே பெரிய காரியம். நீங்க சொல்ற அளவு கூச்சத்த தாண்டினது. மத்தவங்க தப்பா நெனைப்பாங்கங்கற பயம் ஆறு மாசமோ அதுக்கு மேலயோ விடாம இருந்து, வேலைய, உறவ, தினசரி வாழ்க்கைய கெடுக்க ஆரம்பிச்சா அத சமூக பதட்ட நோய்னு டாக்டர்கள் பாக்கறாங்க. 1980லயே மனநல மருத்துவ கையேட்டுல இடம் பிடிச்ச விஷயம் இது, இதுக்கு நல்ல சிகிச்சை இருக்கு. சிபிடின்னு சொல்ற பேச்சு சிகிச்சைதான் முதல்ல பரிந்துரைப்பாங்க, தேவப்பட்டா மருந்தும் தருவாங்க.

டேவிட் கிளார்க், அட்ரியன் வெல்ஸ் ரெண்டு பேரும் 1995ல இத விளக்கின விதம் எனக்கு ரொம்ப உதவியா பட்டிருக்கு. பயம் வந்ததும் நம்ம கவனம் முழுக்க நம்ம மேலயே திரும்பிடுது, குரல் எப்படி இருக்கு, கை எங்க இருக்கு, மொகம் சிவக்குதான்னு. உள்ள எவ்ளோ மோசமா தோணுதோ வெளியயும் அப்படித்தான் தெரியுதுன்னு நம்பிடறோம். அத மறைக்க கண்ண பாக்காம பேசறது, டம்ளர இறுக்கி பிடிச்சுக்கறது, வேகமா பேசி முடிச்சிடறதுன்னு சில தற்காப்பு பழக்கம் வந்துடுது. அந்த பழக்கத்தாலதான் தப்பிச்சோம்னு மனசு நெனைக்குது, பயம் பொய்னு கண்டுபிடிக்க வாய்ப்பே வரல. நீங்க குடிச்சுட்டு போறதும் அந்த வகைதான், அதனாலதான் அத பத்தி கவலப்படறேன். குடி இல்லாம நான் பேசவே முடியாதுன்னு ஆயிடும், அளவும் ஏறிட்டே போகும். டாக்டர்கிட்ட போகும்போது அந்த ஒரு வரிய மறைக்காம சொல்லுங்க.

சிகிச்சையில உங்கள திடீர்னு மேடையில ஏத்தி விட மாட்டாங்க, எது குறைவா பயமுறுத்துதோ அங்க இருந்து படிப்படியா போவாங்க. அப்பாயின்ட்மென்ட் வாங்க போன் பண்ண பயமா இருந்தா மெசேஜ்லயோ ஆன்லைன்லயோ வாங்குங்க, இல்ல நம்பிக்கையான ஒருத்தர வாங்கி தர சொல்லுங்க. தயவுசெஞ்சு தள்ளி போடாதீங்க.

கேள்வி: எனக்கு திக்கும். முதல் வார்த்தையே மாட்டிக்கும். நான் எப்படி பேச்ச ஆரம்பிக்கறது?

பதில்: அத சொல்லியே ஆரம்பிக்கலாம். "எனக்கு பேச்சு திக்கும், கொஞ்சம் நேரம் எடுத்துக்குவேன்." இவ்ளோதான். மன்னிப்பு கேக்கற தொனியில சொல்லாதீங்க, உங்க பேர சொல்ற மாதிரி சாதாரணமா சொல்லுங்க, அப்படி சொல்றவங்கள கேக்கறவங்க நல்லவிதமாவே எடுத்துக்கறாங்க. மறைக்கற வேலை இல்லன்னா பாதி இறுக்கம் குறையும். மத்த வாசகர்களுக்கும் ஒண்ணு சொல்லணும், எதிர்ல ஒருத்தர் திக்கினா அவர் வார்த்தைய நீங்க முடிச்சு வைக்காதீங்க, "மெதுவா சொல்லுங்க"ன்னும் சொல்லாதீங்க, அவர் மொகத்த பாத்து காத்திருங்க.

கேள்வி: மூணு தடவை சந்திச்சுட்டேன், அவர் பேர் மறந்துடுச்சு. இப்போ எப்படி கேக்கறது?

பதில்: பாத்ததும் முதல் நிமிஷத்துலயே, "மன்னிச்சுக்கோங்க, போன தடவை நீங்க உங்க தங்கச்சி கல்யாணத்த பத்தி சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கு, பேர் மட்டும் நழுவிடுச்சு"ன்னு கேட்டுடுங்க. அவர் சொன்ன ஏதோ ஒண்ணு ஞாபகம் இருந்தா கோபமே வராது. எதுவும் ஞாபகம் இல்லன்னா உங்க பேர முதல்ல சொல்லுங்க, பெரும்பாலும் அவரும் தன் பேர சொல்லிடுவாரு. சொன்னதும் அந்த பேர வச்சே அடுத்த கேள்விய கேளுங்க.